சம்பளத்தோடு சும்மா இருத்தல்

1937 ஜூலை 31, சனி

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் மரப்பட்டை ஈரம், பால் வெட்டு இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்ற ஆட்களைக் கங்காணி அப்படியே திருப்பி அனுப்பினார். வேலை இல்லையென்றால் செக்ரோல் பதிவேட்டில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. போகும்போது எல்லோரும் பேர் எழுதும் என் பென்சிலை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்கள். மழையை நானா வரச் சொன்னேன்?

பத்து மணிக்குப் பெரிய கிராணியார், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, சின்னக் கிராணியான என்னைக் கூப்பிட்டார். (இனி பெ.கி. அவர் முழுப் பெயரை எழுத இந்தப் பக்கத்தின் அகலம் போதாது.) லண்டனிலிருந்து கம்பெனி உத்தரவு. ஆபீஸ் சிப்பந்திகளின் பழைய லீவு ஏற்பாடு ரத்து. ஐந்து வருஷம் தொடர்ந்து உழைத்தால் மூன்று மாதம் ஊருக்குப் போய்வரலாம், அரைச் சம்பளம் என்று இருந்தது அல்லவா, அது இனி கிடையாது. வருஷா வருஷம் பதினான்கு நாள், முழுச் சம்பளம். எல்லோரும் எடுத்தே தீர வேண்டும். சேர்த்து வைக்கக் கூடாது.

இதுவரை சேர்ந்தது என்ன ஆகும் என்று கேட்டேன். "அது போச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார்.

நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் ஒரு வாரம். பதினான்கு நாளில் போனால் கரையை மிதித்துவிட்டு அதே கப்பலில் ஏற வேண்டியதுதான். லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்கு எங்கள் கடலின் அகலம் தெரியாது போலும்.

பெ.கி.க்கு ஏக சந்தோஷம். மாமனார் வீடு சிரம்பானில், ரயிலேறினால் போதும். ஆனால் முதல் முறை எனக்குத்தான். ஒண்டிக்கட்டை, உடனே கிளம்பலாம் என்று காரணம் சொன்னார். கிளம்பலாம். எங்கே?

ஆகஸ்டு 2, திங்கள்

லீவு தொடக்கம். பழக்க தோஷம், நாலரைக்கே விழிப்பு. முகம் கழுவி, சட்டை மாட்டி, பென்சிலைக் காதில் செருகிய பிறகுதான் நினைவு வந்தது. பென்சிலை எடுத்து மேசையில் வைத்தேன்.

பெரட்டு மணி. எனக்குப் பதில் சிகாமட்டிலிருந்து வந்திருக்கும் ஆள் பேர் கூப்பிடுவது இங்கே வரை கேட்கிறது. (பதில் கிராணி, இனி ப.கி.) மூக்கால் கூப்பிடுகிறார். இரண்டு முனியம்மாக்களையும் குழப்பிவிட்டார். யாரோ சிரித்தார்கள். நான் கூப்பிடும்போது யாரும் சிரித்ததில்லை.

செய்ய வேண்டியவை:
கொசுவலைக் கிழிசல் தைக்க.
அக்காவுக்குக் கடிதம்.
முடி வெட்ட.
விளக்குக்கு மண்ணெண்ணெய்.

மத்தியானத்துக்குள் நான்கும் முடிந்தது. முடி வெட்டியவன்கூட என்னோடு பேசவில்லை. பயம். போன மாதம் அவன் தம்பிக்கு அரைப் பேர் (அரை நாள் கூலி) போட்டது நான்தான். மணி அடித்த பிறகு வருபவனுக்கு அரைப் பேர் என்பது வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு, ஆனால் எழுதுகிற கை என்னுடையது.

ஆகஸ்டு 3, செவ்வாய்

வெயில். ஒன்றுமில்லை. அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி, அதிலும் ஏமாற்றம்.

ஊரைப் பற்றி யோசித்தேன். முதல் ஐந்து வருஷம் முடிந்தபோது ரப்பர் விலை விழுந்து கிடந்தது, நாற்காலியை விட்டு எழுந்தால் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான் என்ற பயத்தில் போகவில்லை. இரண்டாம் தவணை வருகிறதே, போகலாம் என்று இருந்தேன். அங்கே அக்கா ஒருத்திதான், அவளுக்குத் தன் பேரன் பேத்தி பார்க்கவே நேரம் இல்லை. உண்மையில் எனக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் மூன்று மாதம் என் பேரில் எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு துணை மாதிரி இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு 4, புதன்

பக்கத்துச் சிற்றூர் சாஆவிலிருந்து பஸ், சிகாமட்டில் மாறி, தங்காக். மூன்று நாள் தங்குவதாக உத்தேசம். காரணம் எதுவும் இல்லை, பஸ் அங்கே போயிற்று.

கடைத்தெரு முழுக்கத் துணி. ஒரு மரைக்காயர் கடையில் துண்டு வாங்கப் போனேன். கடைக்காரர் கீழக்கரைப் பக்கம், நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, ஊர் விசாரித்தார். லீவில் வந்திருக்கிறேன், சம்பளத்தோடு லீவு என்றேன். நல்ல முதலாளி, பிள்ளைகள் எத்தனை என்றார். இல்லையென்று சொல்லி அந்த முகத்தை வாடவிட மனம் வரவில்லை. ஒரு பெண் என்று சொல்லிவிட்டேன். உடனே பூப் போட்ட சீட்டித் துணி ஒரு மலையாக வந்து விழுந்தது. "என்ன வயசு?" என்றார். மூன்று என்றேன். அளந்து கிழித்துவிட்டார்.

மஞ்சள் பூ. நன்றாகத்தான் இருக்கிறது. துண்டு வாங்க மறந்துபோனேன்.

சாப்பாட்டுக் கடை மேல்மாடியில் அறை. பக்கத்து அறையில் ஒரு குடும்பம், குழந்தைக்குச் சோறூட்டும் சத்தம். மூன்று நாள் இங்கே தாங்காது.

ஆகஸ்டு 5, வியாழன்

முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பெட்டியை வைத்துவிட்டு நேரே ஆபீஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ப.கி. செக்ரோலில் கூட்டலைத் தப்பான கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மனம் பொறுக்கவில்லை. உள்ளே போய், இது அந்தக் கட்டம் இல்லை தம்பி என்று பென்சிலை வாங்கினேன். அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும், கோபத்தில் இன்னும் நன்றாக வரும். "லீவுன்னா லீவு. ஆபீஸ் படி ஏறக்கூடாது. போ" என்று கையை நீட்டி வழி காட்டினார். பால் நிறுக்கிற நேரம், ஸ்டோர் முன்னால் அத்தனை பேரும் வாளியோடு நிற்கிறார்கள். அவர்கள் நடுவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டு 6, வெள்ளி

வினோதம். மத்தியானம் வாசலில் அஞ்சலை. பால் வெட்டுகிறவள். புருஷன் போன வருஷம் சிங்கப்பூரில் துறைமுக வேலை என்று போனவன், போனவன்தான். கைக்குழந்தை ஒன்று, பவுனு என்று பெயர். போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சலென்று தன் மரவரிசையான நெரையைப் பாதியில் விட்டுப் போனதற்கு இவளுக்கும் அரைப் பேர் போட்டிருக்கிறேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியை நீட்டினாள். மிளகு ரசம்.

"மனசத் தளர விடாதீங்கய்யா. சோத்த மட்டும் விட்டுராதீங்க."

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். ரசம் சூடு. பூண்டு தட்டிப் போட்டிருந்தது.

சாயங்காலம் மாரிமுத்துக் கங்காணி வந்தார். வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷமாக அந்த பெஞ்சு அங்கே கிடக்கிறது, என்னைத் தவிர அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. வெற்றிலை மடித்துக்கொடுத்தார். பிறகு விஷயம் வந்தது. ரப்பர் விலை விழுந்த காலத்தில் பக்கத்துத் தோட்டங்களில் சின்னக் கிராணிகளை இப்படித்தான் 'கொஞ்ச நாள் லீவு' என்று அனுப்பினார்களாம், ஒருவர்கூடத் திரும்பவில்லையாம். நேற்றுத் துரை கை நீட்டியதை எல்லோரும் பார்த்தார்களாம். சும்மா இருப்பவனுக்குச் சம்பளம் என்று சொல்வதை எந்த மடையன் நம்புவான் என்றார்.

எனக்கு வேலை போய்விட்டது என்று கூலி லயம் முழுக்க நினைக்கிறது.

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். கங்காணி என் முழங்காலில் கையை வைத்து, "சொல்ல வேண்டாம், எங்களுக்குத் தெரியும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்டு 7, சனி

காலையில் இரண்டு பெண்கள் வந்து முற்றம் கூட்டினார்கள், கேட்கவே இல்லை. முடி வெட்டுகிறவன் ஒரு சேவலோடு வந்தான். (சேவல் இப்போது அடுப்படியில், என்னைவிட உரிமையோடு.) கிழங்கு, பப்பாளி, கருவாடு. நான் முன்பே இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சொல்லிவைக்கவில்லையே என்று ஒருவர் கடிந்துகொண்டார். என்னைக் கடிந்துகொள்ள ஓர் ஆள்!

அஞ்சலை சட்டியை வாங்க வந்து, மறுபடி நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். பவுனு தவழ்ந்து வந்து என் செருப்பைக் கடித்தது. ஒரு நேரத்தில் என் அறையில் ஐந்து பேர். எண்ணிப் பார்த்தேன், வெட்கம்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனம் சொல்கிறது. நாளை என்றால் இன்று ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

விளக்கு வைக்கிற நேரம் கங்காணி மறுபடி. நாளை ஞாயிறு, மாரியம்மனுக்குச் சூடம் காட்டிவிட்டு எல்லோருமாகத் துரை பங்களாவுக்குப் போகிறார்களாம். சின்னக் கிராணியாரை எடுக்கக் கூடாது என்று கேட்கப்போகிறார்களாம். "நம்ம ஆளு இல்லீங்களா நீங்க?"

வடக்கே தோட்டங்களில் வேலைநிறுத்தப் பேச்சு, துரை கூட்டத்தைக் கண்டாலே போலீசுக்கு ஆள் விடுகிற சமயம். முதலில் கங்காணியின் வேலை போகும். பிறகு யார் யார் முன்னால் நின்றார்களோ அவர்கள். அதுவும் போகாத ஒரு வேலைக்காக.

ஆகஸ்டு 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர், சலவை வேட்டி, விபூதி. எனக்கு வழி விட்டார்கள். கங்காணி என் தோளைத் தொட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே நின்றுகொண்டு, என் வேலை போகவில்லை, இது கம்பெனி கொடுத்த லீவு, பதினாறாம் தேதி திங்கட்கிழமை மறுபடி வந்துவிடுவேன், பங்களாவுக்குப் போக வேண்டாம் என்றேன். சொல்வது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்லி முடித்தபின் இருந்ததுதான் கடினம்.

முடி வெட்டுகிறவன்தான் கேட்டான். "அப்ப, சும்மா இருக்கிறதுக்கு சம்பளம்?"

ஆமாம் என்றேன்.

"எங்களுக்கு?"

உத்தரவு ஆபீஸ் சிப்பந்திகளுக்கு மட்டும் என்றேன். நான் எழுதிய உத்தரவு இல்லை என்றும் சொல்ல வந்தேன், சொல்லவில்லை. காய்ச்சலோட பிந்தி வந்த நாளுக்கு எனக்கு அரைப் பேர் போட்டாரு என்று பின்னால் ஒரு குரல். ஒருத்தி சிரித்தாள், சந்தோஷச் சிரிப்பு இல்லை. கங்காணி என் முகத்தைப் பார்க்காமல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முந்தாநாளே சொல்லியிருந்தால் அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் அசட்டு முகத்தோடு நின்றிருக்க வேண்டாம்.

சூடம் எரிந்து முடிவதற்குள் நான் மட்டும்.

ஆகஸ்டு 9, திங்கள்

சேவலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

அஞ்சலை வந்து வாசலிலேயே நின்று சட்டியைக் கேட்டாள். கழுவி வைத்திருந்தேன். பிள்ளை எப்படி என்றேன். இருக்குது என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகஸ்டு 10, செவ்வாய்

மேகமூட்டம். முன்பெல்லாம் யாரும் வராதபோது வீடு சும்மா இருந்தது. இப்போது காலியாக இருக்கிறது. பெஞ்சில் கங்காணியின் வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை, துடைக்கவில்லை.

லீவில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மனிதனுக்குச் சம்பளம் கொடுத்து அவனைத் தன்னோடு தனியாக உட்கார வைப்பது தண்டனையில்லாமல் வேறென்ன? மலபார்க்காரர் காக்காவின் கடையில் தேநீர் குடிக்கப் போனேன். காக்கா மட்டும் பேசினார், அவருக்கு எல்லோரும் வாடிக்கை. ஊருக்குப் போகவில்லையா என்று அவரும் கேட்டார். எல்லோருக்கும் என்னை எங்காவது அனுப்ப வேண்டும்.

ஆகஸ்டு 12, வியாழன்

வலது கையைத் தூக்க முடியவில்லை, எழுத்து கோணல்.

வீட்டில் இருக்க முடியாமல் காலையில் மரங்களுக்குள் நடக்கப் போனேன். பத்து மணி இருக்கும். அஞ்சலை வெட்டு முடித்துவிட்டுப் பால் எடுக்க இரண்டு வாளியோடு நிற்கிறாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் விலகித்தான் போனேன். அதற்குள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வருகிறாள். பவுனுக்கு ஜன்னி கண்டுவிட்டது, கண் செருகுகிறது, பக்கத்து டிவிசன் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கிளம்புகிறது, தாய் உடனே வர வேண்டும்.

அஞ்சலை இரண்டடி ஓடினாள். நின்றாள். திரும்பி மரத்தில் கட்டிய பால் மங்குகளைப் பார்த்தாள். எல்லா மரத்திலும் பால் நிரம்பி நிற்கிறது. எடுக்காவிட்டால் கட்டிப் போகும், பேர் விழாது, வெட்டியது முழுக்க வீண். பிள்ளைக்கும் நெரைக்கும் நடுவில் ஒருத்தி அப்படி நிற்பதை நான் பார்த்தது இல்லை. என் மேசைக்கு வருவது வாளி மட்டும்தானே.

"போ அஞ்சலை. நான் எடுத்துட்டு வரேன்."

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

மங்கை எடுத்து வாளியில் கவிழ்க்க வேண்டும், வழிக்க வேண்டும், திருப்பி வைக்க வேண்டும். எழுதும்போது எவ்வளவு சுலபம். கொசு, அட்டை, மேட்டில் ஏற்றம், பள்ளத்தில் வழுக்கல். இரண்டு முறை கொட்டினேன். வேட்டி முழுக்கப் பால், காய்ந்து விறைத்துவிட்டது. பக்கத்து நெரை ஆட்கள் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் மாட்டித் தோளில் தூக்கியதும் கண்ணில் பூச்சி பறந்தது. எட்டு மாதப் பிள்ளையைத் தூக்குகிற தோளில்தான் அஞ்சலை தினமும் இதையும் தூக்குகிறாள்.

ஸ்டோருக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். என் நாற்காலியில் ப.கி., தலை நிமிராமல், "யார் பேர்ல?" என்றார்.

"அஞ்சலை."

நிமிர்ந்தார். தராசைப் பார்த்தார். முழுப் பேர் போடு தம்பி என்றேன். போட்டார்.

ஆகஸ்டு 13, வெள்ளி

தோளில் வீக்கம். சட்டை போட முடியவில்லை.

பெ.கி. வீட்டுக்கே வந்து இரைந்தார். கிராணி என்றால் ஒரு மரியாதை இருக்கிறது, காண்டா தூக்கி எல்லோர் மானத்தையும் வாங்கிவிட்டேனாம். துரை என்ன சொன்னார் என்று கேட்டேன். துரை சிரித்தாராம், அதுதான் பெ.கி.க்கு இன்னும் கோபம். ஆபீஸ் படி ஏறக்கூடாது என்றுதான் சொன்னார், நெரைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லையே என்றேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நல்ல மனிதர், கதவுதான் பழசு.

பவுனு பிழைத்தது. ஆயா சொல்லித் தெரிந்தது. மலேரியாக் காய்ச்சல், கொயினா மருந்து கொடுக்கிறார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டுமாம், அந்த இரண்டு நாளும் அஞ்சலைக்குப் பேர் இல்லை. தோள் சரியாக இருந்திருந்தால் போயிருப்பேன். சரியாக இருந்திருந்தாலும் வெட்டத் தெரியாது.

வேறு யாரும் வரவில்லை. எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதினால் என்ன குறைந்துவிடும். எதிர்பார்த்தேன்.

ஆகஸ்டு 15, ஞாயிறு

லீவு முடிவு. சட்டைக்குக் கஞ்சி. பென்சில் சீவியாயிற்று. மஞ்சள் சீட்டியை ஆயாவிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளைக்குத் தைக்கச் சொல்லு என்றேன். யார் கொடுத்ததென்று சொல்ல வேண்டாம் என்றேன். சொல்லியிருப்பாள்.

ஆகஸ்டு 16, திங்கள்

வெயில் இல்லை, மழையும் இல்லை. வெட்டு உண்டு.

ஐந்தரைக்குப் பெரட்டு. பேர் கூப்பிட்டேன், பதில் வந்தது, அவ்வளவே. கங்காணி தலையை மட்டும் அசைத்தார். இரண்டு முனியம்மாக்களும் சரியான இடத்தில். மணி அடித்த பிறகு ஒருவன் வந்தான். பென்சிலை எடுத்தேன். துரை உத்தரவு இன்னும் இருக்கிறது. ஆனால் என் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று கங்காணியிடம் சொல்லி, முழுப் பேர் போட்டேன். கங்காணி வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டோர். வரிசை நகர்ந்து அஞ்சலை வந்தாள். இளைத்திருந்தாள். வாளியைத் தராசில் வைத்தாள். பிள்ளை எப்படி என்றேன்.

"கொட்டகையில கெடக்குது. மஞ்சக் கவுனு போட்டுக்கிட்டு."

எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் நகரவில்லை.

"ஐயா, அடுத்த வருசமும் இந்த லீவு உண்டா?"

உண்டு, எடுத்தே தீர வேண்டும் என்றேன்.

"அப்பயும் ஊருக்குப் போக மாட்டீங்க?"

போக மாட்டேன் என்றேன்.

"அப்ப ஒரு நாளு நம்ம நெரைக்கு வந்துருங்க. பால் எடுக்க மட்டும் இல்ல, வெட்டவும் பழகிக்கிட்டு வாங்க. நான் புள்ளையோட வீட்டுல இருந்து பாக்குறேன், சம்பளத்தோட சும்மா இருக்கிறது எப்புடி இருக்குன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கங்காணியும்தான். சரி என்றேன். காலி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தது முடி வெட்டுகிறவனின் தம்பி, பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே, எனக்கும் ஒரு நாளு எழுதிக்குங்க என்றான்.